மெய்ப்புத் திருத்தும் தொழிலும் சமுதாயத்தின் துணையும்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சுருத பஞ்சமி, நூலுக்கென எடுக்கப்பெறும் விழா. தரசேனாசாரியரிடம் கேட்டறிந்த ஆகமப் பொருளைப் புட்பதந்தரும் பூதபலியும் ‘ஷட்கண்டாகமம்’ என எழுத்தில் வடித்து நிறைவு செய்ததைப் போற்றும் நன்னாள் இது. செவிவழி வந்த அறிவு ஏட்டில் ஏறிய அன்றே புதியதொரு கடமையும் பிறந்துவிட்டது. கேட்டதை மறப்பது ஒரு குறை. எழுதியதைப் பிழைபட எழுதுவது மற்றொரு குறை. முன்னதை எழுத்து நீக்கிற்று. பின்னதை நீக்க வேண்டுமாயின் ஒருவர் அமர்ந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு பார்ப்பவர் யார், அவர் எவ்வாறு வாழ்கிறார், அவருக்குச் சமுதாயம் செய்ய வேண்டுவது யாது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

மெய்ப்புத் திருத்தம், செம்மையாக்கம் என்னும் இரண்டும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். அவை வேறு வேறானவை. அச்சுக்கு முன் வரும் படியை மூலத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதையும் திரிந்ததையும் சரிசெய்வது மெய்ப்புத் திருத்தம். ஆசிரியர் எழுதியதையே ஆராய்ந்து, கூறியது கூறலையும் முன்பின் முரணையும் பொருள் மயக்கத்தையும் அவரது இசைவோடு களைவது செம்மையாக்கம். முன்னதற்குக் கூரிய கண் வேண்டும். பின்னதற்குக் கண்ணோடு அடக்கமும் வேண்டும். தம் நடையைப் பிறர் நூலில் ஏற்றுபவர் செம்மையாக்குநர் ஆகார்.

தமிழில் ஓர் எழுத்து மாறினால் என்ன நேரும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி தந்தான் என்று பொருள். ஓர் ஒற்று மிகுந்து ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேலாயுதத்தைத் தந்தவன் ஆவான். வினைக்கறை நீங்க வேண்டும் என்று ஒருவர் எழுதியது ‘வினைக்கரை’ என அச்சேறினால் நீக்க வேண்டிய மாசு, நிற்கத்தக்க கரையாகிவிடும். சமணப்பள்ளி ‘சமணப்பல்லி’ ஆவதைக் கண்டு சிரிக்கலாம். ஆனால் அது கல்வெட்டைப் பற்றிய கட்டுரையில் நேர்ந்தால் கட்டுரையின் மதிப்பே போய்விடும். இவற்றுள் கறையும் கரையும், பள்ளியும் பல்லியும் தனித்தனியே பிழையற்ற சொற்கள். ஆதலின் கணினியின் சொற்பிழை திருத்தி இவற்றைப் பிழையெனக் காட்டாது விடக்கூடும். பொருளறிந்த மனிதர் ஒருவரே இவ்விடத்தில் காவல்.

கணினி தீர்த்த பிழைகள் பல. கணினியால் வந்த பிழைகளும் உண்டு. ஔடத தானம் என்பதில் முதலெழுத்து ‘ஔ’ என்னும் ஓரெழுத்து. அதனை ‘ஒ’, ‘ள’ என இரண்டெழுத்தாகத் தட்டச்சு செய்தாலும் கண்ணுக்கு ஏறத்தாழ அதே வடிவம் தோன்றும். ஆனால் பின்னாளில் ஒருவர் அச்சொல்லைத் தேடும்பொழுது கணினி அதனைக் காட்டாது. பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்பொழுதும் இத்தகைய திரிபுகள் நேர்கின்றன. அவற்றை அறிந்து தேடுவதும் இக்காலத் திருத்துநரின் வேலையாயிற்று.

இத்தொழில் சமுதாயத்தின் துணையின்றி நடவாது என்பதற்குத் தமிழ் அச்சு வரலாற்றிலேயே சிறந்த சான்று உள்ளது. அது சமண சமுதாயத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

1880ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். பின்னர்த் தம்மிடமிருந்த படியையும் கொடுத்துப் பாடஞ்சொல்லும்படி வேண்டினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்ற ஐயருக்குச் செய்யுள் அச்சம் தருவதன்று. ஆயினும் சிந்தாமணியும் அதற்கு நச்சினார்க்கினியர் வரைந்த உரையும் சமண சமயக் கருத்துகளையும் வழக்குகளையும் ஏராளமாகக் கொண்டவை. சைவச் சூழலில் வளர்ந்த அவருக்கு அவை புதியவையாக இருந்தன. இலக்கணப் புலமையால் மட்டும் அப்பூட்டைத் திறக்க இயலவில்லை.

திறவுகோல் கும்பகோணத்திலேயே இருந்தது. அங்கு வாழ்ந்த சமணர்கள் சிந்தாமணியைப் பாராயண நூலாகப் போற்றி வந்தனர். பலகாலும் வாசித்தும் கேட்டும் அதன் பொருளை அவர்கள் மரபாக அறிந்திருந்தனர். ஐயர் அவர்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். வீடூர் அப்பாசாமி நயினாரின் துணையும் அவருக்குக் கிடைத்தது. பிற சமயத்தவர் ஒருவர் தம் நூலைத் தொடுகிறாரே என்று அவர்கள் கதவை அடைக்கவில்லை. அவருடைய ஆர்வத்தைக் கண்டு ‘பவ்விய ஜீவன்’ என்று பாராட்டினர். பக்குவமடைந்த உயிர் என்பது அதன் பொருள். இதனை ஐயரே தம் வரலாற்றில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். கும்பகோணத்துச் சமணர்களுள் பலர் நூற்பதிப்பு என்பதை அறிந்தவர் அல்லர். அவர்கள் அளித்தது தம் வீட்டில் புழங்கிய அறிவு. வீட்டில் சாதாரணமாக வழங்கும் ஒரு சொல்லின் பொருள், சடங்கொன்றின் முறை, தீர்த்தங்கரர் வரலாற்றில் ஒரு செய்தி என்பன போன்றவையே அவை. அளித்தவர்க்கு அவை எளியவை. பெற்றவர்க்கோ பல நாள் தடையாக நின்ற இடங்களைத் தாண்டுவிக்கும் பாலங்கள். சமுதாயம் ஒரு பதிப்பாசிரியர்க்குச் செய்யத்தக்க முதல் உதவி இதுவே: தான் அறிந்ததைக் கேட்கும்பொழுது மறைக்காமல் சொல்லுதல்.

இரண்டாவது உதவி ஏடும் பொருளும் ஆகும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். ஓர் ஏட்டை மட்டும் நம்பினால் வழி தவறும். பல ஏடுகளை ஒப்புநோக்க வேண்டும். 3145 செய்யுட்களைக் கொண்ட காப்பியத்திற்கு இதனைச் செய்வது எத்துணை உழைப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். சமணர் இல்லங்களிலிருந்து மட்டுமன்றித் திருவாவடுதுறைச் சைவ மடத்திலிருந்தும் ஐயர்க்கு உதவி கிடைத்தது. சமண நூலை ஏன் அச்சிட வேண்டும் என்று குறைகூறியவர்களும் இருந்தனர். அவர்களையும் கடந்து அவ்வுதவி வந்தது. அச்சுக்கும் தாளுக்கும் ஆகும் செலவைத் தாங்க ஐயரிடம் செல்வமில்லை. நூல் வெளிவருமுன்பே வாங்கிக்கொள்வதாகக் கையொப்பமிட்டு அன்பர்கள் தொகை உதவும் முறையைக் கைக்கொண்டார்.

மூன்றாவது உதவி கண்ணும் காதும் ஆகும். ஒருவர் ஏட்டை வாசிக்க மற்றொருவர் படியைப் பார்த்துவரும் ஒப்புநோக்கல் தனியொருவரால் ஆவதன்று. ஐயர் கும்பகோணத்தில் கல்லூரிப் பணியைப் பார்த்துக்கொண்டே, விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுப்பணியைக் கவனித்தார். நண்பர்களும் மாணவர்களும் உடனிருந்து உதவினர். சேலம் இராமசுவாமி முதலியார் வினவிய ஆண்டிலிருந்து ஏழாண்டு கழித்து, 1887இல் சீவக சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. சமண முனிவர் திருத்தக்கதேவர் பாடிய காப்பியத்தைச் சைவராகிய பதிப்பாசிரியர், பலசமய அன்பர்களின் துணைகொண்டு தமிழுலகிற்கு அளித்தார்.

துணை குறைந்தால் என்னாகும் என்பதையும் அக்கால வரலாறே காட்டுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தவர். தோலாமொழித்தேவர் இயற்றிய சூளாமணி என்னும் சமண காப்பியத்தை 1889இல் அச்சேற்றியவரும் அவரே. அரசுப்பணியிலும் நீதித்துறையிலும் ஈட்டிய பொருள் அவருக்கு இருந்தது. தம் பொருளைச் செலவிட்டே அவர் பதிப்புப்பணியை நடத்த வேண்டியிருந்தது. ஈட்டிய பொருள் உள்ளவர் இழப்பைத் தாங்கக்கூடும். இத்தொழிலையே நம்பி வாழ்பவர் தாங்கமாட்டார். தொழிலை விட்டு விலகிவிடுவார்.

சமுதாயம் முறையாகப் பொருள் வகுத்துத் துணைநின்ற எடுத்துக்காட்டும் உண்டு. தொடக்கத்தில் குறிப்பிட்ட ஷட்கண்டாகமமும் அதற்கு வீரசேனாசாரியர் வரைந்த தவளா உரையும் நெடுங்காலம் மூடபித்ரியில் ஓலைச்சுவடிகளாகக் காக்கப்பட்டு வந்தன. அவற்றைப் பேராசிரியர் ஹீராலால் ஜைன் அறிஞர் குழுவின் துணையோடு பதிப்பித்தார். அமராவதியிலிருந்து 1939இல் முதல் தொகுதி வெளிவந்தது. பணி 16 தொகுதிகளாக விரிந்தது. சமுதாயத்துச் செல்வர் ஒருவர் அளித்த நிதியே அதற்கு அடித்தளமாயிற்று. முதல் தொகுதிக்கு மட்டும் பணம் திரட்டி, அடுத்ததற்கு மீண்டும் கையேந்தும் நிலை இருந்திருப்பின் அத்துணைப் பெரிய பணி நிறைவெய்தியிருத்தல் அரிது.

இனி இக்காலத்திற்கு வருவோர் ஒரு வேறுபாட்டை உணர்வர். ஐயர் காலத்துப் பதிப்பாசிரியர்க்குக் கல்லூரி ஊதியம் இருந்தது. இன்றோ வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்துவதையும் செம்மையாக்குவதையும் தனித்தொழிலாக மேற்கொள்ளும் இளைஞரும் இல்லத்தரசியரும் ஓய்வுபெற்றோரும் உள்ளனர். அச்சகத்திலோ பதிப்பகத்திலோ மாத ஊதியத்திற்கு இருப்பவர் அல்லர் இவர்கள். வேலை வந்தால் வருவாய்; வாராவிட்டால் இல்லை.

இத்தொழிலின் கணக்கு வெளியே தெரிவதில்லை. 240 பக்க நூல் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோர் அதனைப் பின்வருமாறு கணக்கிடலாம். கருத்தூன்றிப் படித்தால் மணிக்கு 6 பக்கம் பார்க்க இயலும் என்க. நாள்தோறும் 4 மணி நேரத்திற்கு மேல் கண் கூர்மையாக இராது. ஆகவே நாளொன்றுக்கு 24 பக்கம். முதல் வாசிப்புக்கு 10 நாள். இரண்டாம் வாசிப்பில் மணிக்கு 10 பக்கமெனக் கொண்டால் 6 நாள். சொன்ன திருத்தங்கள் படியில் ஏறினவா, ஏற்றும்பொழுது புதுப்பிழை புகுந்ததா என்று சரிபார்க்க 2 நாள். ஆக 18 நாள் உழைப்பு. நூலைக் கொடுத்தவர் கண்ணுக்குத் தெரிவனவோ பக்கத்திற்கு நான்கைந்து சிவப்புக் கோடுகள் மட்டுமே. கோடு இல்லாத வரியையும் அவர் படித்தே தீரவேண்டும் என்பது கொடுத்தவர் நினைவுக்கு வருவதில்லை.

ஆதலின் இத்தொழிலை மேற்கொள்வோர் சில நெறிகளைத் தமக்கென வகுத்துக்கொள்ளல் நன்று. பக்கம் என்பது எழுத்தின் அளவுக்கேற்ப மாறும். ஆகவே சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் குறித்தல் இரு சாரார்க்கும் நேர்மையானது. சில பக்கங்களை முதலில் படித்துப் பார்த்த பின்னரே விலைப்புள்ளி தர வேண்டும். மெய்ப்பு மட்டுமா, செம்மையாக்கமும் உண்டா, எத்தனை வாசிப்பு, என்று முடியும் என்பனவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணத்தை மூன்று கூறாக்கி, தொடக்கத்தில் ஒன்றும் முதல் வாசிப்பின் முடிவில் ஒன்றும் நிறைவில் ஒன்றுமாகப் பெறுதல் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சொல்வரிசைத் தாள் வைத்துக்கொள்ள வேண்டும். ‘சைனம்’ என்பதா, ‘ஜைனம்’ என்பதா. ‘மகாவீரர்’ என்பதா, ‘மஹாவீரர்’ என்பதா என்று ஆசிரியரோடு கலந்து முதலிலேயே முடிவு செய்து, இறுதிவரை மாறாமல் காத்தல் வேண்டும்.

செம்மையாக்குநர்க்குச் சமண மெய்யியல் கற்பிக்கும் பாடம் ஒன்றும் உண்டு. ஒரு பொருளைப் பல நோக்கில் காணலாம் என்பது அநேகாந்தம். நல்ல பதிப்பாசிரியர் தமக்குச் சரியெனப் பட்ட பாடத்தை மேலே வைத்து, பிற ஏடுகளின் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுகிறார். தாம் தவறியிருக்கலாம் என்பதற்கு இடம் விடுகிறார். அதுபோலவே ஐயமுள்ள இடத்தில் ஆசிரியர் எழுதியதை அழித்துவிடாமல் ஓரத்தில் வினாவாக எழுதிக் கேட்பதே முறை.

இவை தொழில் செய்வோர் கடமை. சமுதாயத்தின் கடமை யாது?

சமண சமுதாயம் வாணிகம் அறிந்தது. கடன் சொன்னால் கணக்கில் எழுதுவதும், கணக்கில் எழுதியதைத் தீர்ப்பதும் அதன் ஒழுக்கம். துணிக்கடையில் சேலையை எடுத்துக்கொண்டு, ‘இது நமக்குள்தானே’ என்று பணம் தராமல் செல்பவர் இல்லை. ஆனால் எழுத்துவேலை என்று வரும்பொழுது அதே நல்லோர், ‘சற்றே பார்த்துக் கொடுங்கள்’ என்று நூறு பக்கத்தை நீட்டுகின்றனர். நூலுதவி சிறந்த தானம் என்பது உண்மை. உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்னும் நான்கு தானங்களுள் ஒன்றாகச் சமணம் அதனைப் போற்றுகிறது. ஆனால் தானம் என்பது உடையவர் தாமே விரும்பி ஈவது. பிறருடைய உழைப்பைக் கூலியின்றிப் பெற்று அதற்குத் தானம் என்று பெயரிடுதல் தகாது. தொண்டாகச் செய்ய விரும்புவோர் செய்யட்டும். அதனை அவர் முடிவு செய்ய வேண்டுமேயன்றி, வேலை கொடுப்பவர் முடிவு செய்தல் கூடாது.

ஆகவே சமுதாய அமைப்புகள் செய்யத்தக்கன எளியவையே. விழா மலர், திருமண மலர், தலவரலாறு, மறுபதிப்பு என எது வெளியிடினும் தாளுக்கும் அச்சுக்கும் ஒதுக்குவதுபோல் மெய்ப்புக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். விழாவிற்கு முதல்நாள் இரவில் கட்டுரைகளைக் கொடுத்து விடியுமுன் கேட்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். மூன்று வாரமாவது அவகாசம் தர வேண்டும். தீர்த்தங்கரர் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், விரதங்கள், சடங்குச் சொற்கள் ஆகியவற்றின் திருத்தமான வடிவங்களை மூத்தோர் கூடி ஒரு பட்டியலாக்கித் திருத்துநர் கையில் கொடுத்தால், கும்பகோணத்துச் சமணர்கள் சிந்தாமணிக்குச் செய்த உதவியை இக்காலத்தில் செய்தவர் ஆவர். நூல் வருமுன்பே படிகளுக்குப் பணம் கட்டுவோர் ஐம்பது பேர் சேர்ந்தாலும் ஒரு சிறுநூல் கடனின்றி வெளிவர வழி பிறக்கும்.

ஒருவர் செய்த வேலை நன்றாக இருந்தால் அதனை நான்கு பேரிடம் சொல்லுதலும் பேருதவியே. தனித்தொழில் செய்வோர்க்கு விளம்பரப் பலகை இல்லை. பயன்பெற்றோரின் நற்சொல்லே பலகை. திருத்துநர்களும் ஒருவரையொருவர் போட்டியாகக் கருதாமல், மிகுந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்; ஒருவர் பார்த்ததை மற்றவர் மறுமுறை பார்க்கலாம். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதியவர்க்கு மட்டுமன்றித் திருத்தியவர்க்கும் இது பொருந்தும்.

இவ்வளவும் ஒரு சிலர் வருவாய்க்காகச் சொல்லப்படுவதன்று. அ. சக்கரவர்த்தி நயினார் மேருமந்தர புராணத்தையும் நீலகேசியையும் அரிதின் முயன்று பதிப்பித்தார். நீலகேசி சமயதிவாகர உரையுடன் 1936இல் வெளிவந்தது. இத்தகைய பழைய பதிப்புகளின் தாள் இன்று தொட்டால் ஒடிகிறது. அவற்றை மீண்டும் அச்சிட வேண்டிய காலம் வந்துவிட்டது. தட்டச்சு செய்பவர் கிடைப்பார், அச்சகமும் கிடைக்கும். அந்நூலின் தமிழையும் சமயத்தையும் ஒருங்கே அறிந்து பிழைபார்ப்பவர் கிடைப்பாரா என்பதே வினா. பத்தாண்டு பயின்றாலன்றி அத்திறம் வாராது. பத்தாண்டு அத்தொழிலிலேயே நிலைத்திருக்க வேண்டுமாயின் அது அவருக்குச் சோறிட வேண்டும். விழா மலருக்குக் கொடுக்கும் சிறு கட்டணந்தான் நாளை நீலகேசியைத் திருத்தப்போகும் ஒருவரை இன்று பயிற்றுகிறது.

சுருத பஞ்சமி நாளில் சுவடிகளைத் தூசு தட்டிப் புதுத்துணியில் சுற்றி வைத்தல் மரபு. நூலின் மேலுள்ள தூசைத் துடைப்பதற்கு ஒரு நாள் இருப்பதுபோல, உள்ளே படிந்த பிழையைத் துடைப்பவர்க்கும் ஓர் இடம் இருத்தல் வேண்டும். சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முன்னரும் வந்த தமிழ் நூல்களின் முகப்பில், ‘இன்னாரால் பரிசோதிக்கப்பட்டது’ என்ற வரி விளங்கும். எழுதியவர் பெயரோடு பிழைபார்த்தவர் பெயரும் மதிப்போடு நின்ற காலம் அது. இன்றைய மலர்களில் நன்கொடையாளர், அச்சிட்டோர், படம் எடுத்தோர் பெயர்கள் உள்ளன. பரிசோதித்தவர் பெயர் காணப்படுவதில்லை. அடுத்த மலரில் அவ்வொரு வரி மீண்டும் இடம்பெறுமாயின், அதற்குரிய கட்டணமும் உரிய நாளில் சென்று சேருமாயின், இவ்விழாவின் பயன் நிறைவுறும்.

அறம் தழைக்க! நூல்கள் பிழையின்றி வாழ்க!